சைக்கிளுக்கு விட்ட தார்

மீன்காரனின் சைக்கிளுக்கு வழிவிடத்தான் தார் ரோட்டை விட்டு இறங்கினேன் என்று மூக்கன் சொன்னதும், இளையதம்பியரின் முற்றத்தில் கதிரை போட்டு இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஊருக்குப் பொறுப்பான விதானையார்கூடச் சிரித்தார். எழுதிக்கொண்டிருந்த பேனையை மூடி வைத்து, கண்ணாடியைக் கழற்றிச் சால்வையில் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். ஒரு மனிதன் கால் நசுங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அது எப்படி நடந்தது என்று எழுத வந்த இடத்தில் இப்படி ஒரு சிரிப்பு. வேலியோரம் நின்ற வீரம்மாவுக்கு உள்ளங்காலில் இருந்து உச்சிவரை பற்றி எரிந்தது.

மூக்கன் அவளுடைய புருஷன். எழுபத்தேழு கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டத்தை விட்டுக் கட்டிய துணியோடு ஓடி வந்த குடும்பம். நெடுங்கேணிக்குப் பக்கத்தில் இளையதம்பியர் தன் காணி மூலையில் குடியிருக்க ஒரு கொட்டில் போட்டுக்கொள்ள விட்டார். மூக்கனுக்கு வண்டி ஓட்டத் தெரிந்திருந்ததால் தன் உழவு ரக்ரரையும் ஓட்டக் கொடுத்தார். அது நடந்து ஐந்து வருஷம். அந்த ஐந்து வருஷத்தில் மூக்கன் ஒரு கோழிக்குஞ்சைக்கூட மிதித்ததில்லை. அதை ஊரே சொல்லும், ஆனால் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாது.

நெடுங்கேணி ஒட்டுசுட்டான் ரோட்டைத் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை, தெரியாதவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். நடுவில் ஒரு வாகனம் போகிற அகலத்துக்குத் தார். இரண்டு பக்கமும் கிரவல் மண். எதிரெதிரே வருகிறவர்கள் ஆளுக்கொரு பக்கச் சில்லைக் கிரவலில் இறக்கி வழிவிட வேண்டும், அதுதான் முறை. ஆனால் அந்த ரோட்டில் நடப்பது வேறு. பெரியதுக்குச் சின்னது இறங்கும். லொறிக்கு ரக்ரர் இறங்கும், ரக்ரருக்கு மாட்டுவண்டில் இறங்கும், வண்டிலுக்குச் சைக்கிள் இறங்கும், சைக்கிளுக்கு நடந்து போகிறவன் இறங்குவான். நடந்து போகிறவனுக்கு இறங்க ஆள் இல்லாதபடியால் அவன் நாயைக் கல்லால் எறிந்துவிட்டுப் போவான்.

விபத்து நடந்தது வைகாசித் திங்கட்கிழமை, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் அன்று. ஒட்டுசுட்டானில் மாட்டுப்பட்டி வைத்திருக்கும் ஒருவருக்கு ரக்ரருக்குப் பின்னால் பூட்டிய பெட்டியில் வைக்கோல் ஏற்றிக்கொண்டு மூக்கன் போனான். வைக்கோல் பெட்டியை விட்டு இரண்டு பக்கமும் பிதுங்கி, ஒரு வீட்டுக் கூரை நகர்ந்து போவது போலப் போனது. ஓட்டுகிறவனுக்குப் பின்னால் ஒன்றும் தெரியாது. பின்னால் வருகிறவனுக்கு முன்னால் ஒன்றும் தெரியாது. அதனால் வீரம்மா எப்போதும் போல வைக்கோலுக்கு மேலே ஏறி இருந்தாள்.

என்ஜின் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது என்பதற்காக இருவரும் ஒரு கயிறு வைத்திருந்தார்கள். ஒரு நுனி மூக்கனின் தோளில், மறு நுனி அவள் கையில். பின்னால் வாகனம் வந்தால் அவள் ஒரு தரம் இழுப்பாள். அவன் முன்னால் பார்த்து, வழி வெறுமையாக இருந்தால் இரண்டு தரம் பதிலுக்கு இழுப்பான். அதற்குப் பிறகுதான் அவள் பின்னால் திரும்பி, வா என்று கை காட்டுவாள். பதில் வராதவரை உள்ளங்கையைக் கீழே கவிழ்த்துப் பொறு பொறு என்று காட்டிக்கொண்டிருப்பாள். ஐந்து வருஷமாக அவள் கையை நம்பி எத்தனையோ லொறிகள் முந்திப் போயிருக்கின்றன, ஒன்றுக்கும் ஒரு கீறல் விழவில்லை.

அன்று பின்னால் வந்தது பரமேஸ்வரனின் மினிபஸ். பரமேஸ்வரன் இளையதம்பியரின் தங்கச்சி புருஷன். பஸ்ஸை ஓட்டியவன் செல்வராசா. பொங்கலுக்குப் போகிற சனத்தைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, அரசாங்க பஸ் வருவதற்கு முன் திரும்பி வந்து அடுத்த சனத்தை அள்ள வேண்டும் என்ற அவதி அவனுக்கு. விடாமல் சத்தம் எழுப்பியபடி கையைக் கோனிலேயே வைத்திருந்தான். வீரம்மா கயிற்றை ஒரு தரம் இழுத்தாள், பதில் வரவில்லை. பொறு என்று காட்டினாள்.

பதில் வராததற்குக் காரணம் இருந்தது. முன்னால் ஒரு மதகு. அதன் வலப்பக்கக் கிரவலைப் போன மாரி மழை முழங்கால் ஆழத்துக்கு அறுத்துக்கொண்டு போயிருந்தது. அந்தப் பக்கத்தால் முல்லைத்தீவுக் கரையில் இருந்து மீன்பெட்டி கட்டிய சைக்கிளில் யாகப்பு வந்துகொண்டிருந்தான். ரக்ரரைக் கண்டால் அவன் இறங்க வேண்டும், இறங்கினால் அந்த அறுப்புக்குள் பெட்டியோடு விழ வேண்டும். மூக்கன் இதைப் பார்த்தான். தோட்டத்தில் துரையின் கார் வரும்போதெல்லாம் தேயிலைக்குள் பாய்ந்து பாய்ந்து வளர்ந்தவன் அவன். ரக்ரரின் இடப்பக்கச் சில்லுகளைக் கிரவலில் இறக்கி, கையை உயர்த்தி, வா என்று யாகப்புவுக்குக் காட்டினான்.

ரக்ரர் இடப்பக்கம் சரிந்ததும் பின்னால் இருந்த செல்வராசாவுக்குத் தார் திறந்து தெரிந்தது. தனக்குத்தான் வழி என்று நினைத்துக்கொண்டான். வேறு ஆருக்காக இருக்கும்? மினிபஸ்ஸின் மூக்கு வலப்பக்கம் வந்தது. வீரம்மா வைக்கோலில் முழங்காலில் எழும்பி இரண்டு கையையும் வீசிக் கத்தினாள். செல்வராசா அவளைப் பார்க்கவே இல்லை. பஸ்ஸின் முன் சீற்றில் இருந்தவர்கள் பார்த்தார்கள், அவர்களில் ஒருத்தி வாயில் கை வைத்ததை வீரம்மா தன் கண்ணால் கண்டாள். அதற்குப் பிறகு சத்தம்தான் கேட்டது. தாரெல்லாம் மீன் சிதறிக் கிடந்தது. யாகப்புவை அதே மினிபஸ்ஸில் ஏற்றினார்கள். சீற்றில் இரத்தம் படும் என்று கொண்டக்டர் முதலில் சாக்கு விரித்தான்.

இப்போது மூன்றாம் நாள், இளையதம்பியரின் முற்றம். விதானையார் எழுதிக்கொண்டிருந்த கடதாசி பொலிசுக்குப் போக வேண்டியது. அதில் மூக்கன் கையெழுத்து வைக்க வேண்டும். வைக்கோலுக்கு மேல் இருந்த பெண் வரச் சொல்லிக் கை காட்டினாள், ரக்ரரும் ஒதுங்கி வழிவிட்டது, அதை நம்பித்தான் பஸ் முந்தியது, பிழை ரக்ரர்காரனுடையது என்று அதில் இருந்தது. கையெழுத்து வைத்தால் மூக்கனின் லைசென்ஸ் போகும். அது போனால் ரக்ரர் போகும். அதைவிடப் பெரியது, ஒரு மனிதனின் கால் காலம் முழுக்க மூக்கனின் தலையில் ஏறும். வைக்காவிட்டால் கொட்டில் இருக்கிற காணி யாருடையது என்பதை இளையதம்பியர் வாயால் சொல்ல வேண்டிய தேவை இல்லை. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதைதான்.

வீரம்மா வேலியை விட்டு முன்னால் வந்தாள். பொறுக்கச் சொல்லித்தான் கையைக் கீழே காட்டியதாகவும், கடைசியில் இரண்டு கையாலும் வராதே என்று வீசியதாகவும் சொன்னாள்.

பரமேஸ்வரன் அவளைப் பார்க்காமல் விதானையாரைப் பார்த்துச் சொன்னார். “வைக்கலுக்கு மேல குந்தியிருக்கிற பொம்பிளையின்ர கையைப் பார்த்துக்கொண்டோ எங்கட பெடியன் பஸ் ஓடுறவன்?”

“அப்ப நான் வரச் சொன்னேன்னு மட்டும் எப்படிங்க பாத்தாரு?” என்றாள் வீரம்மா.

விதானையாருக்கு இருமல் வந்தது. பரமேஸ்வரன் இலேசுப்பட்ட ஆள் அல்ல, கையை விட்டுவிட்டுத் தாரைப் பிடித்துக்கொண்டார்.

“சரி, கை கிடக்கட்டும். உழவு மிசின் தாரை விட்டு இறங்கினதோ இல்லையோ? இறங்கினது. ஒரு மீன்காரனுக்காக இறங்கினதாம். இந்த ரோட்டில சைக்கிளுக்கு இறங்கின மிசினை இங்க இருக்கிறவையில ஆராவது ஒருத்தர் கண்டிருக்கிறியளோ?”

ஒருவரும் கண்டதில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே கண்டதில்லை. சைக்கிளுக்கு ஒரு ரக்ரர் வழிவிட்டது என்று நம்புவதைவிட, ஐந்து வருஷம் ஒழுங்காக ஓட்டியவன் ஒருநாள் பிழை விட்டான் என்று நம்புவது அவர்களுக்குச் சுகமாக இருந்தது. செய்த நல்லதே குற்றத்துக்குச் சாட்சியாக நின்ற அநியாயத்தை வீரம்மா அன்றுதான் பார்த்தாள். கேட்டால் எல்லோரும் படித்தவர்கள், கோயில் குளம் என்று போகிறவர்கள். ஆளைப் பார்க்காமல், எதிரே பார்க்காமல், கோனை அழுத்திக்கொண்டு முந்தியவனிடம் நீ ஏன் பார்க்கவில்லை என்று அந்த முற்றத்தில் ஒருவராவது கேட்டார்களா? முந்துகிறவன்தான் பார்க்க வேண்டும். வழி வெறுமையா என்று தன் கண்ணால் காணாவிட்டால் பின்னால் கிடக்க வேண்டும். லைசென்ஸ் எடுக்கும்போது முதல் கேள்வியே அதுதானே.

மூக்கன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். கையெழுத்து வைத்துவிடுவான் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த மனுஷனுக்குச் சண்டை பிடிக்க வராது. யாகப்பு என்ன சொல்கிறார் என்று அறியாமல் தன் புருஷன் எதிலும் கையெழுத்து வைக்கமாட்டார் என்று அவளே சொன்னாள். இளையதம்பியர் யோசித்துவிட்டு, வெள்ளிக்கிழமை வரை பார்க்கலாம் என்றார். தான் ஒரு பக்கமும் சாயாதவர் என்று காட்டிக்கொள்வதில் அவருக்கு எப்போதும் ஒரு ஆசை.

மறுநாள் விடிந்ததும் வீரம்மா ஜெகதீஸ்வரி வீட்டுக்குப் போனாள். பஸ்ஸின் முன் சீற்றில் வாயில் கை வைத்தவள் ஜெகதீஸ்வரிதான். இரண்டு பேரும் ஒன்றாகக் கூலிக்குக் கச்சான் கடலை புடுங்கியவர்கள், ஒரே செம்பில் தண்ணீர் குடித்தவர்கள். நடந்ததைப் பொலிசில் சொல்ல வருவாயா என்று கேட்டாள்.

ஜெகதீஸ்வரி முற்றத்தைக் கூட்டிக்கொண்டே பதில் சொன்னாள். “நான் ஒண்டும் காணேல்லையடி. அம்மாளை நினைச்சுக் கண்ணை மூடிக்கொண்டு வந்தனான்.”

அன்று அந்த மினிபஸ்ஸில் இருந்த நாற்பது பேரும் கண்ணை மூடிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள் போலும், கேட்ட இடமெல்லாம் அதே பதில். ஊருக்கு ஓடுகிற மினிபஸ் அது ஒன்றுதான். ஏறுகிறபோது கொண்டக்டர் முகத்தைத் திருப்பினால், அரசாங்க பஸ் வராத நேரமெல்லாம் நடந்துதான் போக வேண்டும். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது சரி, அதை ஏற விடாமல் பிடித்து வைத்திருப்பதும் ஏழைகள்தான் என்று வீரம்மாவுக்கு வந்த ஆத்திரத்தில் ஜெகதீஸ்வரியின் கையிலிருந்த விளக்குமாற்றைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது. சிலம்பை உடைத்து நீதி கேட்ட அம்மனுக்கல்லவா பொங்கிவிட்டு வந்திருக்கிறார்கள். அவள் அங்கிருந்து அரசாங்க பஸ் பிடித்து முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

யாகப்புவின் கட்டிலடியில் அவன் மனைவி மதலேனா இருந்தாள். நெடுங்கேணியில் இருந்து வந்த ரக்ரர்காரனின் பெண்சாதி என்று கேட்டதும் எழும்பி நின்றுவிட்டாள். பரமேஸ்வரனின் ஆட்கள் ஒரு போத்தல் ஹோர்லிக்ஸோடு முந்தியே வந்து போயிருந்தார்கள். ரக்ரர்காரன் கை காட்டியபடியால்தான் இப்படி ஆனது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். என் பிள்ளைகளின் வாயில் மண்ணைப் போட்டுவிட்டு எந்த முகத்தோடு வந்தாய் என்று மதலேனா கேட்டாள். வீரம்மா எதிர்த்துப் பேசவில்லை. தன் புருஷனுக்கு இப்படி நடந்திருந்தால் தானும் இதைத்தான் கேட்டிருப்பாள்.

யாகப்பு கையை உயர்த்தி மனைவியை இருக்கச் சொன்னான். வலது கால் முழங்காலோடு முடிந்திருந்தது.

“அவரைப் பிழை சொல்லாதை. மிசின் எனக்குத்தான் இறங்கினது. கையை உயத்தி வா எண்டு காட்டினவர், நான் கண்டனான்.” கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னான். “மதகடியில நான் இறங்கத்தான் பாத்தனான். இறங்கி அந்த அறுப்புக்குள்ள நிண்டிருப்பன். பதினொரு வருஷமா மீன் கொண்டு திரியிறன், பிள்ளை, ஒருத்தர் எனக்குத் தார் விட்டது அண்டைக்குத்தான். அந்தச் சந்தோசப் புளுகத்தில தாரிலயே வந்திட்டன்.”

வீரம்மா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மூக்கன் மற்றவர்களைப் போல நடுத் தாரில் அடித்து ஓட்டியிருந்தால் இந்த மனிதன் அறுப்புக்குள் இறங்கி நின்றிருப்பான், மீன் கொஞ்சம் கொட்டியிருக்கும், கால் இருந்திருக்கும். யாகப்பு அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தனக்குக் கிடைத்த ஒரு மரியாதையைச் சொல்வது போலத்தான் சொன்னான், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பொலிசு வந்து கேட்டால் இதைச் சொல்வீர்களா என்று மட்டும் கேட்டாள். ஓம் என்றான். மதலேனா ஹோர்லிக்ஸ் போத்தலை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்தாள்.

வீட்டுக்கு வந்து, ரக்ரர் தனக்குத்தான் இறங்கியதாக மீன்காரர் சொல்லுகிறார் என்று மூக்கனிடம் சொன்னாள். மிச்சத்தைச் சொல்லவில்லை, விழுங்கிவிட்டாள். மூக்கன் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். நாலு நாளில் அவன் வயிறாரச் சாப்பிட்டது அன்றுதான்.

வெள்ளிக்கிழமை அவன் கையெழுத்து வைக்கவில்லை. அதற்குள் பொலிசார் ஆஸ்பத்திரிக்குப் போய் யாகப்புவின் வாக்குமூலத்தை எடுத்துவிட்டார்கள். கால் போனவனே சொன்னபிறகு முற்றத்துச் சிரிப்பு நின்றுவிட்டது. விதானையார் அந்தக் கடதாசியை என்ன செய்தார் என்று தெரியாது. இளையதம்பியர் ஒரு மாதம் மூக்கனோடு பேசவில்லை. ஆனாலும் உழவுக்காலம் வந்தது, மூக்கனைப் போல உழ ஆள் இல்லை, ஆகவே பேசினார்.

ஐப்பசியில் வழக்கு வந்தது. மூக்கனைச் சாட்சிக்கு அழைத்திருந்தார்கள், வீரம்மாவும் போனாள். யாகப்பு ஊன்றுகோலோடு வந்து கூண்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். ரக்ரர் யாருக்காகத் தாரை விட்டது என்று கேட்டார்கள். எனக்காக என்றான். அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவனுக்கு அந்தக் கதையை முழுதாகச் சொல்ல ஆசை. பதினொரு வருஷத்தில் அந்த ஒருவர்தான் தனக்குத் தார் விட்டவர், இல்லாவிட்டால் தான் வழமைபோல இறங்கி நின்றிருப்பேன் என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லி, மூக்கனைப் பார்த்துச் சிரித்தான். நன்றி சொல்கிற சிரிப்பு. வீரம்மா மூக்கனின் முகத்தைப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று பின்னால் பலமுறை நினைத்தாள்.

செல்வராசாவுக்குக் குற்றப்பணமும் மூன்று மாதம் லைசென்ஸ் மறிப்பும் விழுந்தது. அந்த மூன்று மாதமும் முடிவதற்குள்ளேயே அவன் புதுக்குடியிருப்புப் பக்கம் வேறொரு மினிபஸ் ஓட்டினான், யாரும் கேட்கவில்லை. பிறகு பழைய பஸ்ஸுக்கே வந்து சேர்ந்தான். வந்த அன்றே கோனில் கை வைத்தான். யாகப்பு கடற்கரையில் குந்தியிருந்து கிழிந்த வலை பொத்துகிறான் என்று வீரம்மா கேள்விப்பட்டாள். மூக்கன் ஒன்றும் சொல்லவில்லை. முன்பும் அவன் அதிகம் பேசாதவன் என்பதால் வீரம்மா அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

பங்குனியில் கதிர் வெட்டு முடிந்து மறுபடியும் வைக்கோல் ஏற்றினார்கள். ஒட்டுசுட்டானுக்கு இரண்டு கட்டைத் தூரம் இருக்கும்போது எதிரே ஒரு சைக்கிள் வந்தது. ஒரு பெண் ஓட்டினாள். முன் பாரில் ஒரு குழந்தை, பின்னால் ஒரு கட்டு விறகு. வீரம்மா மேலே இருந்து பார்த்தாள், ரக்ரர் சரியும் என்று வைக்கோலைப் பிடித்துக்கொண்டாள். ரக்ரர் சரியவில்லை. நடுத் தாரிலேயே நேராகப் போனது. அந்தப் பெண் கடைசி நேரத்தில் கிரவலில் இறங்கினாள். சில்லு சறுக்கிச் சைக்கிள் சாய்ந்தது, காலை ஊன்றிக் குழந்தையை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். விறகு சரிந்து விழுந்தது.

வீரம்மா கயிற்றைத் தோள் பிடுங்கிப் போகிற மாதிரி இழுத்தாள். மூக்கன் நிறுத்தினான். அவள் வைக்கோலில் இருந்து சறுக்கி இறங்கி முன்னால் ஓடினாள். செல்வராசா மீது வந்த கோபம்கூட இதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. உங்களுக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள், கண் தெரியவில்லையா, பிள்ளை தெரியவில்லையா என்று கேட்டாள்.

மூக்கன் ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்காமல் சொன்னான்.

“நான் எறங்குனா பின்னால வர்றவன் தனக்குன்னு நெனைச்சு வருவான். எறங்காட்டி இவுங்க கிரவல்ல விழுந்து எந்திரிப்பாங்க. காலு இருக்கும்ல.”

பிழை செய்தவன் ஒரு நாளும் திருந்தவில்லை, பிழை செய்யாத மனுஷனைத் திருத்திவிட்டார்கள். சைக்கிளுக்கு இறங்குகிற ரக்ரர்காரன் ஒருவன் இருக்கிறான் என்று வழக்கில் நிரூபித்துக் கொடுத்தவள் அவள்தான். இப்போது அப்படி ஒருவன் இந்த ரோட்டில் இல்லை. யாரிடம் போய் இதைச் சொல்லிச் சண்டை பிடிப்பது? எந்த விதானையார் இதை எழுதுவார்?

பின்னால் ஏதோ ஒரு பஸ் கோன் அடித்தது, வழி கேட்டு விடாமல் அடித்தது. அந்தப் பெண் விறகைக் கட்டி, சைக்கிளை நிமிர்த்தி, குழந்தையின் முகத்தைத் துடைத்துவிட்டாள். ரக்ரர் தனக்காகத்தான் இவ்வளவு நேரம் நின்றது என்று நினைத்தாளோ என்னவோ, போகிற போக்கில் மூக்கனை நிமிர்ந்து பார்த்து நன்றியோடு தலையை ஆட்டினாள்.

மூக்கன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.